உடன்படிக்கையும் ஊழியமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிறித்தவ சமயத்தின் கருத்து ஒன்றினை எடுத்துப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இந்த அவையில் பல சமயத்தாரும் அமர்ந்திருக்கின்றீர்கள். யாமோ சமயப் புலமை உடையேம் அல்லேம்; பத்தாம் வகுப்புத் தேர்வோடு பள்ளியை விட்டு, இரயில்வே அலுவலகத்துக் கோப்புகளோடு காலம் கழிப்பவர். ஆதலின் இப்பேச்சு நூலாராய்ச்சியாக அமையாது. உடன்படிக்கை என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பொருளை நாம் வாழும் இந்த எல்லைப்புறத்தோடு வைத்துப் பார்க்கும் சிறு முயற்சியாகவே அமையும். ஊழியம் என்னும் மற்றொரு சொல் அதனோடு தானே வந்து சேரும்.

முதற்கண் ஒப்பந்தம் என்பதைப் பற்றிச் சில சொல்லுவோம். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் எல்லையோரத்தில் வாழ்கின்ற தமிழ்க் குடும்பங்களுக்கு இச்சொல் புதிதன்று. நம் இரு எல்லைகளிலும் ஆறுகள் ஒப்பந்தத்தின் வழியே ஓடுகின்றன. முல்லைப் பெரியாற்று நீரைப் பற்றித் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் 1886 அக்டோபர் 29 அன்று குத்தகைப் பத்திரம் எழுதப்பட்டது. காலம் 999 ஆண்டு. ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். அணை 1895இல் முடிந்தது. பின்னர் 1970 மே 29 அன்று துணை ஒப்பந்தம் எழுதி, வாடகையை 30 ரூபாய் ஆக்கினார்கள். மீன்பிடி உரிமை கேரளத்திற்கு என்றார்கள். அதே நாளில் பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று; 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று வகுக்கப்பட்டது. அதன்படி ஆண்டுதோறும் மணக்கடவு அணைக்கட்டில் 7.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் சிற்றூர்ப் பகுதிக்குக் கிடைத்தல் வேண்டும்.

ஏக்கர், ரூபாய், கன அடி, ஆண்டு. ஒப்பந்தத்தின் மொழி இதுவேயாகும். அதனை இகழ்வது எம் நோக்கம் அன்று. ஒப்பந்தம் இல்லையேல் வலியவன் எடுத்ததே பங்கு, எளியவன் இழந்ததே விதி என்றாகிவிடும். அளந்து கொடுப்பதும் அளந்து பெறுவதும் நாகரிகத்தின் முதற்படி. எனினும் ஒப்பந்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. ‘நீ கொடுத்தால் நான் கொடுப்பேன், நீ தவறினால் நான் கட்டுப்பட்டவன் அல்லன்’ என்பதே அதன் உயிர்நிலை. எழுதப்பட்டதற்கு மேல் ஒரு துளியும் அது கேளாது, கொடாது. ஆகவேதான் நீரைப் பங்கிட்ட ஒப்பந்தங்கள் நெஞ்சங்களைச் சேர்க்கவில்லை. அவற்றைப் பற்றிய வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றதை நாம் அறிவோம்.

இனி உடன்படிக்கைக்கு வருவோம். கிறித்தவர்களின் திருமறைக்கு இரண்டு பாகம் உண்டு. தமிழில் அவற்றைப் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்று வழங்குகின்றோம். நூலின் தலைப்பில் ஏற்பாடு என்று நிற்பதே நூலின் உள்ளே உடன்படிக்கை என்று நிற்கின்றது. இரண்டும் ஒரே மூலச் சொல்லின் பெயர்ப்புகள். எபிரேய மொழியில் அது பெரீத், கிரேக்கத்தில் தியாத்தேக்கே. கிரேக்கச் சொல்லுக்கு உயில் என்ற பொருளும் உண்டு. உயில் எழுதுவோன் வாங்குவோனிடம் விலை கேட்பதில்லை. தமிழ்ச் சொற்களும் ஆழமானவை. ஏற்பாடு என்பதில் ஏற்றல் இருக்கின்றது. உடன்படிக்கை என்பதில் ஒருவரோடு உடன்பட்டு நிற்றல் இருக்கின்றது. 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த சீகன்பால்கு ஐயர் காலத்திலிருந்து, மொழிபெயர்ப்பாளர் பலர் இச்சொற்களைத் தேடித் தேடி எடுத்திருக்கின்றனர்.

எபிரேயர் உடன்படிக்கையைச் செய்தார்கள் என்று சொல்வதில்லை. வெட்டினார்கள் என்றே சொல்வார்கள். பழங்காலத்தில் இருவர் உறுதி செய்துகொள்ளும்போது விலங்குகளை இரண்டாகப் பிளந்து இருபுறமும் வைப்பர். அவற்றின் நடுவே நடந்து செல்வர். ‘சொன்ன சொல்லில் தவறினால் இவ்விலங்குக்கு நேர்ந்தது எனக்கும் நேர்க’ என்பது அதன் கருத்து. ஆபிரகாமோடு இறைவன் செய்த உடன்படிக்கை ஆதியாகமத்தின் 15ஆம் அதிகாரத்தில் வருகின்றது. அங்கும் விலங்குகள் பிளந்து வைக்கப்பட்டன. ஆனால் ஆபிரகாம் நடக்கவில்லை. அவன் அயர்ந்து உறங்கிவிட்டான். புகையும் சூளையும் எரியும் தீவட்டியும் மட்டுமே அவற்றின் நடுவே கடந்து சென்றன. அவை இறைவனின் அடையாளம் என்பர் அறிஞர். இரு தரத்தார் நடக்க வேண்டிய இடத்தில் பெரியவர் ஒருவரே நடந்தார். எளியவன் மீது சுமை வைக்கப்படவில்லை.

ஒப்பந்தத்திற்கும் உடன்படிக்கைக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகின்றது. ஒப்பந்தத்தில் வலியவன் தன் நலத்தைக் காத்துக்கொள்வான். உடன்படிக்கையில் வலியவன் தன்னைத்தானே கட்டிக்கொள்வான்.

உடன்படிக்கைகளுக்கு அடையாளங்களும் உண்டு. நோவாவுக்கு வானவில், சீனாய் மலையில் ஓய்வு நாள். நம் இரயில்வேயில் ஒற்றைப் பாதைப் பகுதிகளில் டோக்கன் கொடுக்கும் முறை நெடுங்காலம் வழங்கிவந்தது. ஓட்டுநர் கையில் வாங்கும் அது வெறும் இரும்பு உருண்டைதான். ஆயினும் ‘எதிரே வேறு வண்டி வாராது’ என்று இரண்டு நிலையத்தார் தந்த சொல் அதனுள்ளே இருக்கின்றது. அதை நம்பியே நூற்றுக்கணக்கான உயிர்கள் இருட்டில் பயணம் செய்தன. அடையாளம் சிறியது, அதன் பின்னே நிற்கும் சொல்லே பெரியது.

இறைவன் தன்னைக் கட்டிக்கொண்டான் என்றால் மக்கள் செய்ய வேண்டுவது என்ன? சீனாய் உடன்படிக்கையின் சட்டங்களைப் படித்தால் விடை கிடைக்கும். கடன் கொடுத்தவன் அடகு வாங்கலாம் என்று அச்சட்டம் ஒப்புகின்றது. ஆனால் ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கட்டளையிடுகின்றது. ஏனெனில் இரவில் அவனுக்குப் போர்வை அது ஒன்றே. ஒப்பந்தம், ‘எனக்கு வர வேண்டியது என்ன?’ என்று கேட்கும். உடன்படிக்கையோ, ‘இன்றிரவு அவன் எதைப் போர்த்திக்கொண்டு உறங்குவான்?’ என்று கேட்கும். இன்றைய பேச்சில் வேறெதனை மறந்தாலும் இந்த இரண்டு கேள்விகளை மறவாதிருக்க வேண்டுகின்றோம்.

அதே சட்டம் வயலின் ஓரங்களை முற்ற அறுக்காதே என்கின்றது. ஏழைக்கும் வேற்றூரிலிருந்து வந்தவனுக்கும் அவ்விளைச்சலை விட்டுவிடச் சொல்கின்றது. அதற்குக் காரணமும் காட்டுகின்றது. நீங்களும் எகிப்து நாட்டில் அந்நியராய் இருந்தவர்கள் என்பதே அக்காரணம். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து காலனிகளில் குடியிருக்கும் நமக்கு இது தனியாகச் சொல்லப்பட்டது போலவே தோன்றுகின்றது. வேற்றூர் வாழ்வின் தனிமையை அறிந்தவர்களே வேற்றூராரை ஆதரிக்கும் கடமையும் உடையவர்கள்.

காலப்போக்கில் மக்கள் உடன்படிக்கையை மறந்தார்கள். கல்லில் எழுதியதை அவர்கள் மீறினமையால், இனி நெஞ்சில் எழுதப்படும் புதிய உடன்படிக்கை ஒன்று வரும் என்று எரேமியா என்னும் தீர்க்கதரிசி கூறினார். அப்புதிய உடன்படிக்கையை இயேசு பெருமான் தம் மரணத்திற்கு முந்திய இரவில் உறுதி செய்தார் என்பது கிறித்தவர்களின் நம்பிக்கை. அதனையே பெரிய வியாழன் என்று கொண்டாடுகின்றோம். கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீடுகளில் அன்றிரவு புளிப்பில்லாத பெசகா அப்பம் செய்து, குடும்பத் தலைவர் அதனைப் பிட்டு எல்லார்க்கும் கொடுப்பதை நம்மில் பலர் அண்டை வீடுகளில் கண்டிருப்போம்.

அந்த இரவில் நடந்தவை இரண்டு. அப்பத்தையும் கிண்ணத்தையும் கொடுத்து, இது புதிய உடன்படிக்கை என்றார்; இதை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகியோர் எழுதினர். எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டை இடுப்பில் கட்டி, பாத்திரத்தில் நீர் வார்த்துச் சீடர்களின் கால்களைக் கழுவினார். இதை யோவான் எழுதினார். இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் படித்தால்தான் பொருள் விளங்கும். உடன்படிக்கையின் கிண்ணம் ஒரு கையில். ஊழியத்தின் துண்டு மறு கையில். அந்த மேசையிலேயே, தங்களுள் பெரியவன் யார் என்று சீடர்கள் வழக்காடியதாக லூக்கா எழுதுகின்றார். அவ்வழக்கிற்குப் பெருமான் தந்த தீர்ப்பை அத்துண்டே காட்டுகின்றது.

பாலஸ்தீனத்து வழிகள் புழுதி நிறைந்தவை. விருந்துக்கு வருவோர் காலைக் கழுவுதல் வீட்டின் கடைசி ஊழியன் செய்யும் வேலை. அதனை ஆசிரியரே செய்தார். இன்னும் ஒன்று கவனிக்கத்தக்கது. தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகின்றவன் யார் என்பதை அவர் அறிந்திருந்தார். அவன் காலையும் கழுவினார். ஒப்பந்த முறையில் பார்த்தால் யூதாசு தன் பக்கத்தை முறித்துவிட்டவன். அவனுக்கு யாதொரு கடனும் இல்லை. உடன்படிக்கை முறையில் அவன் காலிலும் புழுதி இருந்தது, அவ்வளவே கணக்கு.

இனி ஊழியம் என்னும் சொல்லைப் பார்ப்போம். கிறித்தவர்கள் இதனை இன்று பெருமையோடு வழங்குகின்றார்கள். ஆனால் நாம் வாழும் இந்நாட்டில் இச்சொல்லுக்கு வருத்தமான வரலாறு உண்டு. பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்பது கூலி கொடாமல் கட்டாயப்படுத்தி வாங்கிய வேலையின் பெயர். ஒடுக்கப்பட்ட சாதியார் அரசுக்கும் மேலோர்க்கும் அதனைச் செய்யும்படி வருத்தப்பட்டனர். அடிமை முறையை ஒழிக்கும் அரச அறிவிப்பே அங்கு 1855இல்தான் வெளிவந்தது. அடித்து வாங்கிய வேலைக்கும், அன்பினால் குனிந்து செய்யும் வேலைக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டது. ஆகவே ஊழியத்தைப் பற்றிப் பேசுவோர் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். எளியவரைப் பார்த்து, ‘தாழ்மையாக இரு, ஊழியம் செய்’ என்று போதிப்பது நற்செய்தி அன்று, அது பழைய கட்டாய ஊழியத்தின் மறுபிறப்பு. நற்செய்தி பெரியவனை நோக்கியே ‘குனிவாயாக’ என்கின்றது. துண்டைக் கட்டியவர் குருவே ஒழியச் சீடர் அல்லர்.

இவ்வாறு வாழ்ந்தவர் உண்டோ எனக் கேட்பீர்கள். பாலக்காட்டிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் நிற்கும் கொல்லிமலையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலேயர் 1907இல் தமிழகம் வந்தார். அவரும் ஈவ்லின் அம்மையாரும் 1913இல் திருமணம் செய்துகொண்டு அம்மலையில் குடியேறினர். மலைக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளியார் ஏறத் தயங்கிய காலம் அது. அவர் தச்சு வேலையும் கட்டட வேலையும் அறிந்தவர். ஓரளவு மருத்துவமும் கற்றவர். ஆண்டுகள் பல சென்றும் அவர்கள் சமயத்தில் ஒருவரும் சேரவில்லை. ஒப்பந்தக் கணக்குப் பார்ப்பவர்கள் என்றால் இறங்கி வந்திருப்பார்கள். அவர்கள் புண் கழுவுவதையும் மருந்து கொடுப்பதையும் நிறுத்தவில்லை.

1918-19இல் உலகை வாட்டிய இன்புளுவென்சாக் காய்ச்சல் அம்மலைக்கும் ஏறியது. இருவரும் கஞ்சி காய்ச்சி வீடு வீடாக எடுத்துச் சென்றனர். அவர்களை எதிர்த்து நின்றவர் ஊர்ப் பூசாரி. காய்ச்சலில் அவர் வீழ்ந்தபோது அஞ்சி விலகியோர் நடுவே இவர்கள் இருவரும் அவரைத் தேடிச் சென்றனர். இறக்குந் தறுவாயில் அவர் தம் குழந்தையை இவர்கள் கையிலேயே ஒப்படைத்தார். சமய மாற்றத்தின் வெற்றிக் கதையாக இதனை யாம் சொல்லவில்லை. தன் எதிரி என்று எண்ணியவரிடம் ஒரு தந்தை தன் மகவை நம்பி ஒப்புவிக்கின்றார் என்றால், அந்நம்பிக்கை எந்தப் பத்திரத்தில் எழுதி வந்தது? கஞ்சிக் கலயத்தில் வந்தது.

1929இல் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே மாண்டார். ஐந்து மலைத்தொடர்களில் வாழும் மக்களுக்கும் தொண்டு செய்வதென்று கணவனும் மனைவியும் உறுதி பூண்டிருந்தனர். அம்மையார் சபையின் ஆணைப்படி வேறிடங்களில் பணி செய்து, எழுபதை நெருங்கும் வயதில் ஓய்வு பெற்றார். தாய்நாடு திரும்பி இளைப்பாறும் வயது அது. அவரோ கொல்லிமலைக்கே திரும்பினார். பச்சைமலை, கல்வராயன் மலை எனப் பிற மலைகளுக்கும் குதிரையிலும் கோலூன்றியும் சென்றார்; விழுந்து எலும்பு முறிந்தும் விடவில்லை. 1974 டிசம்பரில் 95ஆம் வயதில் காலமானார். கணவர் கல்லறையின் அருகே அம்மலையிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். உறுதியின் ஒரு தரத்தார் இறந்து 45 ஆண்டு கடந்தும் மறு தரத்தார் அதனை நிறைவேற்றிக்கொண்டே இருந்தார். ஒப்பந்தம் ஆயின் மரணத்தோடு முடிந்திருக்கும்.

அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்து அம்மலையில் வளர்ந்தவர். மருத்துவராகி 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் கையும் காலும் தாமாக அழுகுவதில்லை, உணர்ச்சி அற்றமையால் காயம்பட்டுக் கெடுகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். முடங்கிய விரல்களை அறுவை செய்து மீண்டும் இயங்கச் செய்தார். அதனோடு நில்லாமல், நோயாளர் கால் புண்ணாகாதபடி மெத்தென்ற ரப்பர்ச் செருப்புகள் செய்யும் வேலையிலும் ஈடுபட்டார். அன்று எருசலேமில் கால் கழுவுதல்; இங்கு தொழுநோயாளர்க்குச் செருப்பு. ஊழியம் எப்பொழுதும் மனிதனின் கால் வரையில் இறங்கியே நடக்கின்றது.

இவை கிறித்தவர்க்கே உரிய சிறப்பு என்று எவரும் எண்ணல் வேண்டா. கைம்மாறு கருதாத கடமைக்கு மழையைச் சான்று காட்டி ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளக் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டிற்கு வந்ததை நாம் கண்டோம். நம் அண்டை மாவட்டமான மலப்புறத்தில் ஒரு முஸ்லிம் மீனவர் நீரில் மண்டியிட்டுக் குனிந்து, பெண்கள் தம் முதுகை மிதித்துப் படகில் ஏறும்படி செய்தார். படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தபோது, உடன்பிறந்தாரைக் காத்ததற்குப் பணம் வேண்டா என்று மறுத்த மீனவர்களும் இருந்தனர். அரசு தர முன்வந்தது முறையே. ஆயினும் அவர்கள் மறுத்த அந்தக் கணத்தில் உடன்படிக்கை என்பதன் பொருள் விளங்கிற்று.

நம் மக்களின் துயரத்தையும் இங்கே நினைத்தல் வேண்டும். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாறு இராஜமலைப் பகுதியின் பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 70 பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. மாண்டோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தார். கங்காணிமார் முன்பணம் கொடுத்து மலையேற்றிய மக்களின் வழியில் வந்தவர்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களை அம்மலையோடு கட்டியது ஒப்பந்தம்: இத்தனை கிலோ கொழுந்து, இத்தனை ரூபாய் கூலி, வேலை உள்ளவரை ஒரு லயத்து வீடு. வேலை ஓய்ந்தால் வீடும் இல்லை. ஒப்பந்தத்தின் வாசகம் நிறைவேறியிருக்கலாம். ‘இன்றிரவு அவன் எங்கே உறங்குவான்?’ என்ற கேள்வியோ அதில் எழுதப்படவில்லை.

மூணாற்றில் அத்தொழிலாளர் வழிபட 1898இல் எழுந்த கார்மேல் மாதா கோயில் 2024இல் பசிலிக்கா என்னும் சிறப்புப் பெற்றது. பாலக்காட்டு எல்லையின் தமிழ்க் கத்தோலிக்கர் பெருகிய பகுதிக்கு 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைந்தது. இவை மகிழத்தக்க செய்திகள். எனினும் கோயில்கள் பெறும் சிறப்பு லயங்களில் வாழ்வோர்க்கு என்ன நன்மை தந்தது என்று கேட்பது, அக்கோயிலின் மேசை மேலுள்ள கிண்ணத்திற்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

பிறரைக் கேட்டது போதும்; இனி நம்மைக் கேட்போம். நம் நிலையங்களிலும் வண்டிகளிலும் துப்புரவு செய்வோரை ஒப்பந்தத் தொழிலாளர் என்று அழைக்கின்றோம். அவர்கள் பெயரிலேயே ஒப்பந்தம் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளச் செய்வதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்துள்ளது. வண்டிகளில் உயிரிக் கழிப்பறைகள் வந்துள்ளன. இவை நன்று. ஆனால் சட்டம் செய்ய இயலாத சில காரியங்கள் உண்டு. நம் தெருவைப் பெருக்க வரும் அம்மையின் பெயர் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? அவர் தண்ணீர் கேட்டால் நாம் குடிக்கும் தம்ளரில் கொடுக்கின்றோமா, தனியாக ஒன்றை மாடத்தில் வைத்திருக்கின்றோமா? நண்பகலில் அவர் அமர்ந்து உண்ண நிழலான ஓர் இடம் உண்டா? அவசரத்துக்குக் கைமாற்று வாங்கியவரின் ரேஷன் அட்டையையும் வங்கி அட்டையையும் ஈடாக வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்கேனும் நம் நடுவே உண்டானால், பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்கச் சொன்ன அந்தப் பழைய சட்டம் நம்மை நோக்கியே பேசுகின்றது.

மழைக்கால இரவில் விளக்கும் கையுமாகப் பாதையோரம் நடந்து, தண்டவாளத்தைச் சோதிக்கும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். மேலே செல்லும் வண்டியில் உறங்குவோர் எவரும் அவர் முகத்தை அறியார். நன்றி சொல்வாரும் இலர். அவர் நடந்தமையால்தான் வண்டி ஊர் போய்ச் சேருகின்றது. காணாத இடத்தில் செய்வதும், காண்போர் இல்லாதபோதும் குறைவின்றிச் செய்வதுமே தாழ்மையுள்ள ஊழியத்தின் இலக்கணம். ஒரு மூட்டை அரிசி கொடுப்பதற்குப் பத்துப்பேர் நின்று படம் எடுத்துக்கொள்வதை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வோமாக. வாங்குவோர் தலை குனியும்படி கொடுப்பது ஊழியம் ஆகாது. கொடுப்போர் குனிய வேண்டும் என்பதே நாம் கண்ட பாடம்.

கடைசியாக ஒன்று. பெருமான் கால் கழுவ வந்தபோது பேதுரு மறுத்தார். ‘நீர் என் காலைக் கழுவுவதா!’ என்ற அந்த மறுப்பு பணிவு போலத் தோன்றும். உள்ளே பெருமையும் மறைந்திருந்தது. நீ இதை ஏற்காவிட்டால் உனக்கும் எனக்கும் பங்கில்லை என்று பெருமான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செய்வது போலவே ஏற்பதும் உடன்படிக்கையின் கூறு. ஏற்பாடு என்ற சொல்லில் ஏற்றல் இருக்கின்றது என்று முன்னரே சொன்னோம் அன்றோ? வேற்றூர் வந்த நமக்கு இவ்வூரார் செய்த உதவிகள் பல. பிரசவ வேளையில் ஓடிவந்த மலையாளத்துச் சேச்சிமார், இரவில் மருத்துவமனைக்கு வண்டி கொண்டுவந்த அண்டை வீட்டார், மொழி தெரியாத நம் பிள்ளைகளுக்குப் பொறுமையோடு கற்பித்த ஆசிரியர்கள். அவற்றைக் கடன் என்று எழுதி வைத்துத் தீர்த்துவிட நினைத்தல் வேண்டா. நன்றியோடு ஏற்று, அடுத்து வரும் அந்நியருக்கு நாம் செய்தலே அதற்குரிய கைம்மாறு. இன்று ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, கஞ்சிக்கோட்டு ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைப்போர் நம் கண்முன் இருக்கின்றனர். ஒரு காலத்தில் நம் முன்னோர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர். அவர்களுள் ஒருவர் நோயுற்றால் சென்று பார்க்கவும், மொழி தெரியாத அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும் நம் சங்கத்தால் இயலும். கோப்பெழுதும் கைகள் நம்மிடம் பல உண்டு.

ஜான் வெஸ்லி என்னும் பெரியார் 1755இல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை ஒன்று உண்டு. புத்தாண்டு நாட்களில் அதனை நடத்தி, இறைவன் இடும் எந்தப் பணிக்கும் தம்மை ஒப்புக்கொடுக்கும் வழக்கம் தென்னிந்தியத் திருச்சபையிலும் இருக்கின்றது. ஆண்டு விழா என்பதும் அத்தகைய நாளாகவே நமக்கு அமையட்டும். சென்ற ஆண்டின் வரவு செலவைச் செயலாளர் படிப்பார்; அது ஒப்பந்தக் கணக்கு, அதுவும் வேண்டும். அதனோடு, நம் காலனியின் எல்லைக்குள் இன்றிரவு போர்வையின்றி உறங்குவோர் எவரேனும் உண்டோ என்ற கணக்கையும் நாம் ஆண்டுதோறும் எடுப்போமானால், இந்தச் சங்கம் வெறுங் கூட்டமாக நில்லாமல் உடன்படிக்கையினால் கட்டப்பட்ட ஒரு குடும்பமாகும்.